வீட்டுக்கொரு உறவு

பீர்க்கன்கரணை ஏரிக்கு முன்னால் என்னிடம் ஸ்கூட்டரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, வண்டியின் கண்ணாடி மூலையில் ஒட்டுகிறார் அம்மணி அக்கா. கழுத்தில் தொங்கும் முருகன் டாலரை ஜாக்கெட்டுக்குள் தள்ளுகிறார். கண்ணாடியில் ஒருமுறை முகத்தைப் பார்க்கிறார்.

"இப்ப நான் யாரு, சொல்லு?"

"பிளஸ்ஸி வீட்டுக்குச் சபை அக்கா."

"கரீட்டு. வண்டிய எடு."

அரை மணி கழித்து வெளியே வரும்போது பொட்டு மறுபடியும் நெற்றிக்கு ஏறும். நான்கு தெரு தள்ளி இருக்கும் தமிழினி வீட்டுக்கு அவர் பெரியம்மா வழி அக்கா. பெருங்களத்தூரில் ஒரு வீட்டுக்கு நாத்தனாரின் சிநேகிதி. ஊரப்பாக்கத்தில் ஒருத்திக்கு முன்பு வேலை பார்த்த கம்பெனியின் சூப்பர்வைசர்.

எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளைப் பிரசவம் வரை, பிறகு குழந்தைக்குக் கடைசிப் பரிசோதனை முடியும் வரை, கூட நின்று கவனிக்கும் ஒரு சிறிய அமைப்பில் அம்மணி அக்கா களப்பணியாளர். அவருக்கும் எச்.ஐ.வி. உண்டு. முன்பு அவரைப் பின்னால் உட்காரவைத்து என் அம்மா ஓட்டிப் போவாள். அம்மாவுக்கும் அதே வேலை, அதே நோய். தை மாதம் அம்மா இறந்தாள். அதிலிருந்து சனிக்கிழமைகளில் அவளுடைய ஸ்கூட்டரை நான் ஓட்டுகிறேன். மற்ற நாட்களில் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறேன்.

இங்கே எழுதியிருப்பவற்றில் மற்ற எல்லாருடைய பெயரும் மாற்றப்பட்டது. தன் பெயரை மாற்ற வேண்டாம் என்று அம்மணி அக்காவே சொன்னார். "எனக்கு ஒரு பேராவது நெசமா இருக்கட்டும்" என்றார்.

ஒரு வீட்டுக்கு முன்பின் தெரியாத பெண் இரண்டாம் தடவை வந்தால் எதிர்வீடு விசாரிக்கும். உறவுக்காரி வந்தால் விசாரிக்காது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் உறவு தயாராகிறது. எந்த ஊர், எந்தக் கல்யாணத்தில் பார்த்தது, இத்தனை நாள் ஏன் வரவில்லை. "ஒரு சண்டையயும் உள்ள வுடணும். 'மாமா சாவுக்கு நீ வரல, அதான் அப்பா பேசல'ன்னு. சண்டை இல்லன்னா சொந்தம்னு எவ நம்புவா?"

அவருடைய பையில் எப்போதும் ஒரு கட்டு முருங்கைக்கீரை இருக்கும். உள்ளே போனதும் முறம் கேட்பார். அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாதிக் கட்டை அவள் மடியில் போடுவார். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். இருவரும் குனிந்து இலை உருவிக்கொண்டிருப்பார்கள். பாதி உருவுவதற்குள் அந்தப் பெண் பேசிவிடுவாள், அல்லது அழுதுவிடுவாள். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை என்பது அவர் கணக்கு. அழுகிறவளைத் தடுக்க மாட்டார். "காம்பு வுழுது பாரு" என்று மட்டும் சொல்வார்.

மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சு அடைக்கக் கற்றுத் தருவார். நடக்கும்போது கலகலவென்று சத்தம் வராது. டப்பாவின் மேல் கால்சியம் என்று சீட்டு ஒட்டுவார். கர்ப்பிணி கால்சியம் விழுங்கினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

தமிழினிக்கு இருபத்து மூன்று வயது, என் வயது. மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அவள் கணவன் குமரேசன் மேடவாக்கம் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். அவனுக்கும் இருந்தது. முதல் நாள் அவள் கீரையைத் தொடவே இல்லை. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அது தெரிஞ்சா வவுத்துல கீற புள்ளைக்கு மருந்து கெடைக்குமா?" என்றார் அம்மணி அக்கா. "கெடைக்கும்னா சொல்லு, நானே போயி அவன் சட்டையப் புடிச்சிக் கேக்கறேன்."

பிறகு கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். எல்லாப் பெண்களுக்கும் காட்டும் படம். ஹெல்மெட்டும் கம்பெனி டீ சர்ட்டுமாக நான் நிற்கிறேன். "இவ அம்மாவுக்கும் இருந்துச்சு. இவளுக்கு இல்ல. லிஃப்ட்டு ரிப்பேர் பண்றா. அன்னிக்கி பிரசவ வலியில ஒரே ஒரு மாத்திர, பொறந்ததும் சொட்டு மருந்து, அவ்ளோதான் இருந்துச்சு. உனக்கு தெனமும் மாத்திர கீது."

தமிழினி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்கம்மா எப்படி இருக்காங்க?" என்றாள்.

வீட்டுக்கு வீடு உறவைப் புனைகிறவர், இங்கேயும் எதையாவது சொல்லிச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"செத்துட்டா. தையில. மாரடைப்பு," என்றார் அம்மணி அக்கா. "இவள படிக்க வச்சா, வேலைக்கி அனுப்பிச்சா, அப்பறமா செத்தா. எம்புள்ள ரெண்டு வயசுல போச்சு. அப்ப இந்த மருந்து வரல. உங்கிட்ட இதுல மட்டும் பொய் சொல்ல மாட்டேன்."

தமிழினி முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எட்டாம் மாதம் தவறு நடந்தது. பிளஸ்ஸி வீட்டு வாசலில், பொட்டில்லாத நெற்றியோடு, ஜெபத்துக்குக் கூப்பியது போலக் கையைக் கூப்பி விடைபெற்றுக்கொண்டிருந்தார் அம்மணி அக்கா. பால் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்த தமிழினியின் மாமியார் அங்காளம்மாள் நின்று பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டைப் பார்த்தார்.

"பெரியம்மா பொண்ணாம், பெரியம்மா பொண்ணு! மதம் மாத்தற கும்பலா நீ? புள்ளத்தாச்சியாப் பாத்துதான் புடிப்பீங்களா? இனிமே எவ வூட்டு வாசப்படியயாவது மிதி, எங்க வூட்ட மிதிக்காத."

தெருவே பார்த்தது. அம்மணி அக்காவுக்கு உண்மையைச் சொல்ல வழியில்லை. இந்தப் பொய்யை உடைக்க இன்னொரு பொய்யும் கைவசம் இல்லை. வண்டியில் ஏறிய பிறகுதான் பேசினார். "மதம் மாத்தறவன்னே இருக்கட்டும். அது பரவால்ல."

அடுத்த வாரம் தமிழினி குளியலறையிலிருந்து போன் செய்தாள். குழாயைத் திறந்துவிட்டுப் பேசியதால் பாதி தண்ணீர்ச் சத்தம். குழந்தை பிறந்ததும் பெரியவர்கள் யாராவது நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது அந்த வீட்டு வழக்கம். வைக்கிறவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். தன் கையால்தான் வைக்க வேண்டும் என்று அங்காளம்மாள் வெள்ளி டம்ளரை விளக்கித் தயாராக வைத்திருந்தார். ஆனால் இந்தக் குழந்தைக்குத் தாய்ப்பாலும் சொட்டு மருந்தும் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. வேறு எது போனாலும் பிஞ்சுக் குடலில் புண் விழலாம், பாலில் மிச்சமிருக்கும் கிருமிக்கு அது வழியாகலாம். நர்சுகள் எல்லாரிடமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் அந்தப் பக்கம் திரும்பினால் பாட்டிமார்கள் வைத்துவிடுகிறார்கள்.

"நான் என்னக்கா சொல்லித் தடுப்பேன்? காரணம் சொன்னா என்னையும் குழந்தையையும் வெளிய அனுப்பிடுவாங்க. அவர் வாயே திறக்க மாட்டேங்கிறார்."

"நீ மாத்திரைய பாரு. மிச்சத்த நான் பாக்கறேன்."

போனை வைத்ததும், என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"தெர்ல" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பிரசவம் அரசு மருத்துவமனையில், பகலில். பெண் குழந்தை. நாங்கள் போனபோது வார்டுக்கு வெளியே பெஞ்சில் அங்காளம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளி டம்ளர், மேலே தட்டு மூடி.

"வந்துட்டியா? பொட்டு வச்சுகினு வந்துகீற. இன்னிக்கி எந்த சாமி?"

"எந்த சாமி ஆஸ்பத்திரிக்குள்ள வுடுதோ, அந்த சாமி."

அங்காளம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அம்மணி அக்கா உட்கார்ந்தார். கீரை இல்லை. இருவரும் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ தெனம் ராவுல ஒரு மாத்திர முழுங்கறா," என்றார் அங்காளம்மாள், சுவரைப் பார்த்தபடியே. "கால்சியமாம். நானும் மூணு பெத்தவ. கால்சியத்த எவளாவது அழுதுகினே முழுங்குவாளா? எம்புள்ளயும் அதே மாத்திரைய முழுங்கறான். அவன் இன்னாத்துக்கும்மா கால்சியம் முழுங்கறான்?"

அம்மணி அக்கா தட்டு மூடிய டம்ளரைப் பார்த்தார்.

"இன்னா ஏதுன்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத. சொன்னீனா எதனா பேசிடுவேன். பேசிட்டா அப்பால ஒரே வூட்ல இருக்க முடியாது. இத மட்டும் சொல்லு." அங்காளம்மாள் டம்ளரைத் தூக்கிக் காட்டினார். "கொழந்தைக்கு இத வைக்கலாமா, கூடாதா?"

"கூடாது யக்கா. தாய்ப்பாலு. நர்சம்மா குடுக்கற சொட்டு மருந்து. வேற ஒண்ணும் நாக்குல படக் கூடாது."

"ஒரு சொட்டு?"

"ஒரு சொட்டும் கூடாது."

உள்ளே ஏதோ ஒரு குழந்தை அழுதது. அங்காளம்மாள் தலையைத் திருப்பிக் கேட்டார். அது தன் பேத்தியா என்று தெரியாமல் மறுபடியும் திரும்பினார்.

"சாமி முன்னால வச்சு எடுத்தாந்தது. கண்ட எடத்துல ஊத்த முடியாது," என்றார்.

"குடுங்க."

அம்மணி அக்கா தட்டை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். டம்ளரை இரு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல் முழுவதையும் குடித்தார்.

"சக்கர தூக்கல் யக்கா," என்றார்.

பிறகு டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்து, விளிம்பில் தொங்கிய கடைசிச் சொட்டுக்கு, அண்ணாந்து நாக்கை நீட்டினார்.