பாட்டில் கவிழ்ந்த பஸ்

அக்கா ஏழு மாத வயிற்றோடு நத்தத்துக்குப் பஸ் ஏறி நான்கு நாளாகியும் கடிதம் வரவில்லை. போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

ஐந்தாம் நாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் டேப் என்ற தோல் கருவியை அடித்துச் சிந்து பாடிக்கொண்டிருந்தார். கொலை, விபத்து என்று எது நடந்தாலும் அதைப் பாட்டாகக் கட்டி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, பாடிக்காட்டி விற்பவர்கள் அப்போது உண்டு. அன்றைய பாட்டில் ஒரு பஸ் காட்டாற்று வெள்ளத்தில் கவிழ்ந்திருந்தது. டிரைவரைப் பாடினார், வெற்றிலை வியாபாரியைப் பாடினார், பிறகு "பிள்ளைத்தாச்சி ஒருத்தி, பச்சைச் சேலைக்காரி" என்று இழுத்தார். அக்கா கட்டிப் போனதும் பச்சைச் சேலைதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, அது எந்த ஊரு பஸ்ஸுண்ணே?"

"பாட்ட முழுசாக் கேளும்மா."

அதற்கு மேல் கேட்க முடியவில்லை. புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். பஸ் கவிழ்ந்த இடமாகக் காவிரிக்கரைப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அப்படியும் மனசு ஆறாமல் அடுத்த நத்தம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அக்கா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, இம்புட்டு வேர்த்திருக்கு?"

கார்டை எழுதி வைத்துவிட்டு, தபாலில் போட மறந்திருக்கிறாள். கோபத்தில் புத்தகத்தை அவள் மடியில் போட்டேன். அக்கா மெல்ல வாய்விட்டுப் படித்தாள். பச்சைச் சேலைக்காரி வந்த இடத்தில் குரல் நின்றது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

"இவளத் தேடிக்கிட்டு யாரு ஓடுனாகளோ," என்றாள்.