கோமளா ஏறினால் வரும் சத்தம்

பைக்கின் பின்சக்கரத்து அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்து அட்ஜஸ்டர் போல்ட்டுகளையும் இன்னொரு திருகு திருகினான். சக்கரம் மயிரிழை பின்னால் போனது. செயின் கவரில் இருந்த ரப்பர் மூடியைப் பிடுங்கி, ஓட்டைக்குள் விரலை விட்டு அழுத்தினான். செயின் அசைந்து கொடுக்கவில்லை. கன்னையனுக்குத் திருப்தியாக இருந்தது. நட்டை முடுக்கி வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான்.

தொய்வு என்பதே அவனுக்கு ஆகாது. பெருமாநல்லூர்ப் பக்கம் பனியன் துணி ஓட்டும் நிட்டிங் ஷெட்டில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தான். மெஷின் துடைக்கப் போன பையன், பார்த்துப் பார்த்தே ஸ்பேனர் பிடித்து பிட்டரானவன். அங்கே நூலை இழுத்துக் கொடுக்கும் டேப் கொஞ்சம் தொய்ந்தாலும் துணியில் கோடு விழும். சாயப்பட்டறைக்குப் போன ரோல் திரும்பி வரும். முதலாளி வாயில் விழவேண்டும். பத்துப் பதினைந்து வருடத்தில் கைக்கு வந்த பழக்கம் புத்திக்கும் வந்துவிட்டது. ஊறுகாய்ப் பாட்டிலை அவன் மூடினால் மனைவி கோமளாவால் திறக்க முடியாது. கட்டில் நாடாவை இழுத்துக் கட்டினால் படுத்தவர்களுக்குப் பலகையில் படுத்த மாதிரி இருக்கும். "உங்க கையில ஆப்பிட்டது எதும் மூச்சு உடாதுங்க" என்பாள் கோமளா. அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

கோமளா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். ஷெட்டுக்குப் போகிற வழிதான் என்பதால் காலையில் அவளைக் கேட்டில் இறக்கிவிட்டுப் போவான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பைக், ஆனால் சுத்தமாக வைத்திருந்தான்.

செயினை இறுக்கிய வாரமே சத்தம் வந்தது. தனியாகப் போனால் ஒன்றுமில்லை. கோமளா ஏறி உட்கார்ந்தால் அடியிலிருந்து ஊளை மாதிரி ஒரு இழுப்பு. மேடு பள்ளத்தில் நறநறவென்றது. சத்தம் வந்தால் எங்கோ லூஸ் என்றுதான் ஷெட்டில் கற்றிருந்தான். அதனால் கையில் கிடைத்த நட்டையெல்லாம் முடுக்கினான். செயினையும் மறுபடி முடுக்கினான். சத்தம் கூடியது.

ஒருநாள் கம்பெனி கேட்டில் அவள் இறங்கும்போது, கூட வேலை செய்யும் சுப்புலட்சுமி, வண்டிக்கு என்ன நோவு என்று கேட்டாள். கன்னையன் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"வண்டிக்கு ஒரு நோவுமில்லீங்க. இவ ஏறுனா அழுகுது, எறங்குனா நிறுத்திக்குது."

அங்கே நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். கோமளாவும் சிரித்தாள். மறுநாள் காலை, கம்பெனி வேன் வரும் நேரத்துக்கு முன்பே சோற்றுப் போசியோடு ரோட்டில் போய் நின்றாள்.

அதன் பிறகு அவள் வண்டியில் ஏறவில்லை. சண்டையும் போடவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். வேனுக்காக ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்தாள். சந்தைக்குப் போனாலும் பஸ். வெள்ளகோவிலில் தன் தங்கை வீட்டு விசேஷத்துக்கு, நீங்கள் வண்டியில் வாருங்கள், நான் பஸ்ஸில் வருகிறேன் என்று முன்னால் கிளம்பிப் போனாள். அவன் தனியாகப் போய் இறங்கினான். ஏன் தனித்தனியாக வந்தீர்கள் என்று பந்தலில் எல்லோரும் கேட்டார்கள். வண்டி போகிற இடமெல்லாம் சத்தமே இல்லாமல் போனது. அதுதான் அவனுக்கு உறுத்தியது.

ஒரு சனிக்கிழமை நூல் ஏற்றிப் போகும் டெம்போ வரவில்லை. பக்கத்து ஊர் ஷெட்டில் நூல் தீர்ந்துபோய் மெஷின் நின்றிருந்தது. கன்னையன் ஒரு நூல் மூட்டையைப் பின்சீட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான். முதல் வேகத்தடையிலேயே அந்த ஊளை கேட்டது. அதே சத்தம்.

ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினான். ரப்பர் மூடியைப் பிடுங்கி விரலை விட்டான். செயின் கம்பியாக நின்றது. மூட்டையை இறக்கினான். சீட் மேலே எழும்பியது, செயின் ஒரு இழை இளகியது. மறுபடி ஏற்றினான். கம்பி. மறுபடி இறக்கினான்.

கடைக்காரன் ஜெயபாண்டி மதுரைப் பக்கத்துக்காரன். டீயை ஆற்றிக்கொண்டே பார்த்தான்.

"என்னண்ணே, ஏத்துறீக, இறக்குறீக. மூடைக்குத் தொட்டில் ஆட்டுறீகளா?"

கன்னையனுக்கு விஷயம் பிடிபட்டது. பாரம் ஏறினால் வண்டி அமுங்குகிறது, அமுங்கினால் செயின் இழுபடுகிறது. இழுபட இடம் விடவேண்டியது அவன். விடாமல் முடுக்கியதும் அவன். பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். மூட்டையை வைத்தே இங்கேயே சரிசெய்துவிடலாம். ஆனால் 'சத்தம் நின்றுவிட்டது, வா' என்று கூப்பிட்டால் கோமளா வரமாட்டாள் என்று தெரிந்தது. ஸ்பேனரைப் பெட்டியிலேயே போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான்.

"இங்க வா புள்ளே. சித்த நேரம் பின்னால உக்காரு. செயினு பாக்கோணும்."

"பாரத்துக்கு ஒரு நூல் மூட்டை கெடைக்கலீங்களா?" என்றாள்.

மூட்டை வைத்துப் பார்த்துவிட்டதாகச் சொன்னான். மூட்டைக்கும் அதே சத்தம் என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "சத்தம் உன்னால இல்ல. நாந்தான் கண்டபடி இறுக்கிப்போட்டேன்" என்றான்.

கோமளா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தாள். அவன் குந்தி உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்தான். அவளை இறங்கச் சொல்லி, நட்டையும் அட்ஜஸ்டரையும் தளர்த்தி, இரண்டு பக்கத்து அளவுக்கோடும் ஒன்றாக இருக்கும்படி சக்கரத்தை முன்னால் தட்டினான். மறுபடி ஏறச் சொன்னான். இன்னும் கொஞ்சம் விடவேண்டியிருந்தது. ஏறி இறங்கி ஏறி, கடைசியில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே செயின் விரலுக்கு மேலும் கீழும் ஆடியது. அவனுக்கு அது லூஸாகத்தான் பட்டது. அப்படியே விட்டு நட்டை முடுக்கினான். பின்பிரேக்கையும் சரிபார்த்தான்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றான்.

அவள் இறங்கிவிட்டாள். "அன்னிக்குச் சொன்னது கம்பெனி கேட்டுலீங்க. இன்னிக்குச் சொல்றது ஊட்டு வாசல்ல. இங்க ஆரு கேட்டா?"

"நாளைக்குக் கேட்டுலயே சொல்லிப்போடறேன்" என்றான்.

மறுநாள் திங்கட்கிழமை. வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கோமளா பழைய நேரத்துக்குக் கிளம்பி வண்டியில் பின்னால் உட்கார்ந்தாள். சத்தம் இல்லை. கேட்டில் சுப்புலட்சுமியும் மற்றவர்களும் நின்றிருந்தார்கள். கன்னையன் இன்ஜினை அணைத்து, செயினைத் தான்தான் அதிகமாக இறுக்கி வைத்திருந்ததாகவும், அவள் மேல் பழி போட்டது தப்பு என்றும் சொன்னான். சுப்புலட்சுமி தன் வீட்டுக்காரர் வண்டியையும் ஒருநாள் பார்க்க முடியுமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றான். மணி அடித்தது. பெண்கள் உள்ளே போனார்கள். அவன் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது மெஷினில் ஊசி உடைந்திருந்தது. அதை மாற்றினான்.