சிரிக்காத சம்பந்தி

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நான் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. ஐம்பது வயதாகும் முன்பே சர்க்கரை நோயும் ஈறு வீக்கமும் சேர்ந்து என் மேல்வரிசைப் பற்கள் அத்தனையையும் எடுக்க வைத்திருந்தன. மாட்டியிருந்த பல்செட்டு, வாயை அகலத் திறந்தால் நழுவிவிடும். பலகாரத் தட்டை வைத்துவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் தரகர் போனில் சொன்னார்: "பொண்ணப் புடிச்சிருக்காம். ஆனா பொண்ணோட அம்மாவுக்கு இதுல இஷ்டமில்லையோன்னு மாப்ளயோட அம்மா கேக்குறாங்க."

மகள் அழுதாள். "பல்லு வெஷயத்தச் சொல்லிடுறேன்" என்றார் என் கணவர்.

"வேணாங்க. எதனால போச்சுன்னு கேப்பாங்க. சுகர்னு தெரிஞ்சா, நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்னு ஒதுங்கிட்டா?"

எனக்கு அன்றைக்குத் தலைவலி என்று தரகரிடம் சொல்லி அவர் சமாளித்தார். நிச்சயம் நடந்தது.

கல்யாணத்துக்குள் பல்லைச் சரிசெய்துவிட வேண்டுமென்று ஜெயங்கொண்டத்திலிருந்து பெரம்பலூருக்குப் போனோம். பல் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "மேல்தாடை எலும்பு மெலிஞ்சிருக்கும்மா. நாலு எடத்துல இம்ப்ளாண்ட்னு ஸ்க்ரூ வச்சு, எலும்பு அதப் புடிச்சப்புறம் மேல செட்டப் பொருத்தலாம். மாசக்கணக்காவும். சுகர் கட்டுல இருக்கணும்."

வைத்தார்கள். முகம் வீங்கி, கஞ்சியிலேயே நாட்கள் போயின. சர்க்கரைக்காகச் சோற்றைக் குறைத்தேன், நடந்தேன். ஆனாலும் ஒரு ஸ்க்ரூ பிடிக்காமல் ஆடியது. அதை எடுத்துவிட்டு, புண் ஆறியபின் மறுபடி வைக்க வேண்டுமென்றார்கள். அதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. பழைய செட்டோடுதான் மண்டபத்துக்குப் போனேன்.

பந்தியில் சம்பந்தியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையாலேயே ஒரு மைசூர்பாகை என் வாயில் ஊட்டினார். கடித்தேன். பல்செட்டு கழன்று இலையில் விழுந்தது. அவர் சட்டென்று தன் கைக்குட்டையை அதன்மேல் போட்டார்.

"இதுக்குத்தான் சிரிக்கலையா? நாங்க என்ன கொறை வச்சோம்னு இத்தன மாசமா தவிச்சிட்டேங்க" என்றார் காதோரமாக. பிறகு, "சுகரா?"

"ஆமாங்க."

அவர் பரிமாறுபவரைக் கூப்பிட்டார். ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது நான்கு ஸ்க்ரூவும் நிலைத்துவிட்டன. புதுச் செட்டு 'டக்'கென்று அவற்றின்மேல் உட்காருகிறது. முறுக்குகூடக் கடிக்கிறேன். ஆனால் நேற்று மகள் போனில் சொன்னாள்: "அத்தை என் காபிக்கு மட்டும் சக்கரையக் கொறச்சுப் போடுறாங்கம்மா. ஏன்னு கேட்டா, சும்மாதான்ங்கிறாங்க."

"அப்படியா" என்றேன். அதற்குப் பிறகு என்ன பேசினோமென்று நினைவில்லை.