வாலறுந்த நரியை சீஃப் வாசித்த மதியம்

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழில் சிறுவர் பக்கம் என் பொறுப்பு. நிரந்தர ஊழியர்கள் விரும்பினால் ஒப்பந்தத்துக்கு மாறலாம் என்று நிர்வாகம் படிவம் கொடுத்தது. முதலில் கையெழுத்திட்டவர் எங்கள் சீஃப் சப்-எடிட்டர். வெளியே ஒரு பில்டருக்கு விளம்பர வாசகம் எழுதி நிர்வாகத்திடம் மாட்டிக்கொண்டவர். வேலை தங்க, கையெழுத்திடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. இது யாருக்கும் தெரியாது என்று நம்பினார். டீ கொண்டுவருபவருக்குக்கூடத் தெரியும்.

மறுநாளே மேசை மேசையாகப் போக ஆரம்பித்தார். "பர்மனென்ட்டுன்றது கால்ல கட்டுன கல்லு, குரு. என்னைப் பாரு, ஃப்ரீயா இருக்கேன்." கூட்டம் சேர்ந்துவிட்டால் தன் அவமானம் கொள்கையாகிவிடும் என்ற நினைப்பு.

அதிகம் நச்சரித்தது புரூஃப் பார்க்கும் அம்மாவை. "சும்னே யோசிக்காதீங்க மேடம். ஒரு சைன், அஷ்டே, அவ்ளோதான்." அந்த அம்மாவுக்குக் கண்ணில் புரை தொடங்கியிருந்தது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தம் என்றால் அடுத்த ஆண்டே வீட்டுக்குத்தான். ஆனாலும் குழம்பிப்போய்ப் படிவத்தை நிரப்பி வைத்திருந்தார். கையெழுத்துதான் பாக்கி. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அந்த வாரம் வாலறுந்த நரியின் பழைய கிரேக்கக் கதையைப் பக்கத்தில் வைத்தேன். சீஃப் ஒப்புதல் தந்தார். நரி படத்தை இன்னும் பெரிதாகப் போடச் சொன்னார்.

எங்கள் வழக்கப்படி ஒருவர் மூலத்தை நிறுத்தற்குறிகளோடு உரக்கப் படிப்பார். அம்மா அச்சுப்படியில் சரிபார்ப்பார். வியாழன் மதியம் படிப்பவர் வரவில்லை. இன்னொரு முறை வற்புறுத்தலாம் என்று சீஃபே தாளோடு எதிரில் உட்கார்ந்தார்.

"பொறியில் வாலை இழந்த நரி மற்ற நரிகளைக் கூட்டியது, புள்ளி. வால் வெறும் பாரம், கமா, வெட்டிவிட்டால் சுகம், கமா, என்னைப் பாருங்கள், ஆச்சரியக்குறி."

அதே குரல், அதே குழைவு. அறையில் கீபோர்டு ஓசை நின்றது. சீஃபுக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"கிழ நரி கேட்டது, கமா, உன் வால் அறுபடாமல் இருந்தால் இதைச் சொல்வாயா..."

குரல் அங்கே தேய்ந்தது.

அம்மா நிமிரவில்லை. "கேள்விக்குறி இருக்கா, சார்?"

"இருக்கு மேடம்."

"சரியா கேக்கல. இன்னொரு வாட்டி படிங்க."

படித்தார். கேள்விக்குறியோடு.

அம்மா இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்துத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. சிவப்புப் பேனாவால் அதில் பிழைப் பட்டியலை எழுதத் தொடங்கினார்.

"அடுத்த பத்தி, சார்."