ஒரு சதுப்பு நிலமும் என் வாழ்த்துரையும்

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு எதிர்க் கதவு ஒரு சாம்பியாக் குடும்பத்துடையது. மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இளவயதில் நான் சாம்பியாவில் ஒப்பந்த ஆசிரியராகப் புவியியல் படிப்பித்தவன் என்று ஒருநாள் லிஃப்டில் அவளிடம் சொன்னேன். எந்த ஊரில் என்று கேட்டாள். அது அவளுடைய அம்மாவின் ஊர்.

அந்த ஊரின் ஓரத்தில் ஒரு சதுப்பு நிலம் உண்டு. ஆறு பெருகினால் வெள்ளம் முதலில் அங்கேதான் போய் நிற்கும். நகரசபை அதை மண் போட்டு நிரப்பிச் சந்தை கட்டத் தீர்மானித்திருந்தது. இப்போதெல்லாம் அங்கே மழை ஒன்றில் பொய்க்கிறது, இல்லாவிட்டால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. நிலத்தை நிரப்பினால் தண்ணீர் வீடுகளுக்குள் வரும் என்று ஊர் இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து எதிர்த்தார்கள். இவள் இங்கிருந்தபடி அவர்களோடு வேலை செய்தாள். வாக்கெடுப்புக்கு முன் பேச அவர்களுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். சபைத் தலைவர் என் பழைய மாணவன்.

"அங்கிள், நாங்கள் கேட்டால் அவர் பதில் சொல்வதில்லை. உங்களுக்குச் சொல்லாமல் தப்ப முடியாது. வெள்ளம் இனி எங்கே போகும் என்று மட்டும் கேளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தங்கள் ஐந்து நிமிடத்தையும் எனக்கே தந்தார்கள்.

கூட்டம் சூமில் நடந்தது. நான் கோட் போட்டுக்கொண்டு எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். அவள் பக்கத்தில் இருந்தாள். திரையில் நரைத்த தலையோடு என் மாணவன், "சேர்!" என்று எழுந்து நின்றான்.

ரொறன்ரோவில் நான் ஏறிய மேடைகள் எல்லாம் வாழ்த்துரை மேடைகள். நூல் வெளியீடு, அரங்கேற்றம், பழைய மாணவர் சங்க விருந்து. தலைவரை விளித்து, அவர் படித்த காலத்தை நினைவுகூர்ந்து, பெற்றோரைப் புகழ்ந்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வருவோம். பல வேளை வராமலே இறங்கிவிடுவோம். ஒருவரும் குறை சொல்வதில்லை. அன்றும் அப்படியே தொடங்கினேன். வகுப்பில் அவன் வரைந்த வரைபடங்களின் நேர்த்தியைச் சொன்னேன். அவன் கண் கலங்கினான். "தொலைநோக்குள்ள தலைவர்" என்றேன். ஆற்றுக்கு வருவதற்குள் நேரம் முடிந்தது. செயலாளர் நன்றி சொல்லி என் ஒலியை நிறுத்தினார்.

தன் ஆசிரியரே வாழ்த்திவிட்டார் என்று அவன் சபையில் சொன்னான். திட்டம் நிறைவேறியது. அந்தப் பெண் எழுந்து போனாள்.

குசினி வாசலில் நின்ற மனைவி கேட்டாள்: "ஏனப்பா, உதென்ன அரங்கேற்றமே? பொன்னாடை மட்டுந்தான் போர்க்கேல்லை."

"மரியாதைக்கு ரெண்டு வார்த்தை சொல்ல வேண்டாமே?"

"ஓம், ரெண்டு வார்த்தைதான்! அந்தப் பிள்ளையளின்ர நேரம் முழுக்க விழுங்கிப்போட்டு இருக்கிறியள்."

பழக்கதோஷம் என்று பிறகு எல்லோருக்கும் சொன்னேன். அது பாதிதான் உண்மை. என் மாணவன் எழுந்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது. கேள்வியைக் கேட்டால் அந்த முகம் மாறும். அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

ஒரு கிழமை கழித்து அவனுக்குத் தொலைபேசி எடுத்து, கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

"இதை அன்றைக்கே கேட்டிருக்கலாமே, சேர். சபையில் பாதிப் பேருக்கு இதில் விருப்பமில்லை, எனக்கும் பயம்தான். நீங்கள் கேட்டிருந்தால், அதைக் காரணம் காட்டி வாக்கெடுப்பைத் தள்ளிப்போட்டிருப்பேன். இப்போது லொறிகள் மண் கொட்டத் தொடங்கிவிட்டன."

எதிர்க் கதவைத் தட்டி, அவன் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். இளைஞர்கள் மாகாண அதிகாரிகளிடம் மேன்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னாள்.

"அங்கே நான் பேசட்டா?"

"வேண்டாம், அங்கிள். நாங்களே பேசுவோம். ஆனால் தனக்கும் பயம் என்று தலைவர் உங்களிடம் சொன்னதை அங்கே சொல்லலாமா?"

அது அவன் என்னை நம்பிச் சொன்னது. யோசித்தேன்.

"சொல்லுங்கள். என்னிடம் சொன்னான் என்றே சொல்லுங்கள்."

சொன்னார்கள். விசாரணை முடியும்வரை மண் கொட்டுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கொட்டிய மண்ணை அள்ளவில்லை. அதன் பிறகு என் மாணவன் என்னோடு பேசவில்லை.