அண்ணி செய்யாத சத்தியம்

பசுவின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பால் கறக்கும் அண்ணிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறாள். கறந்து முடித்து எழும்போது அவள் நெற்றியில் பொட்டு இருக்காது. அது பசுவின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிய்த்துத் தன் நெற்றியில் மறுபடி வைத்துக்கொண்டு, "இன்னா பாப்பா பாக்கற, அதுவும் பொம்பளதான?" என்று சிரிப்பாள்.

கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து, வளவனூருக்கு அருகே இருந்த எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அண்ணன் திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தான். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவான். அதனால் அண்ணி அவனோடு இருந்ததைவிட என்னோடு இருந்ததுதான் அதிகம். வாசல் தெளிப்பது அவள், கோலம் நான். சாணி வாருவது இரண்டு பேரும். பருத்திக்கொட்டை ஆட்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவோம். கேப்பைக் களி கிண்டும்போது நான் பானையைப் பிடித்துக்கொள்வேன், அவள் துடுப்பைப் போட்டுக் கிளறுவாள். விதைக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உடைக்க உட்கார்ந்தால் விரல் நுனி எரிய எரிய ஊர்க்கதை ஓடும். வேலை என்று சொல்லிக்கொண்டாலும் எங்களுக்கு அது பேச்சுதான். பத்தாவதோடு என்னைப் படிப்பிலிருந்து நிறுத்திய வருத்தமே அந்தப் பேச்சில்தான் கரைந்துபோனது.

அப்பா ஊர்த் தலைவர் பதவிக்கு நின்றது அப்போதுதான். எதிரில் நின்றவர் ஒரு தையற்காரர். காலனிக்கு ஒரு அடிபம்பு போடுவேன் என்பதைத் தவிர அவர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. அதில் அப்பாவைக் குத்தும் விஷயம் ஒன்று இருந்தது. அதற்கு முந்தைய கோடையில் பம்பு போட வந்தவர்களிடம் இடம் காட்டியது அப்பாதான். காலனிக்கென்று வந்த பம்பு எங்கள் தெருமுனையில் இறங்கியது. எங்கள் தெரு பிடித்து முடிக்கும்வரை காலனிப் பெண்கள் குடத்தோடு ஓரமாக நிற்பார்கள். அண்ணியோடு எங்கள் நிலத்தில் களை எடுத்தவர்களும் அவர்கள்தான். அண்ணி தன் குடத்தை நிரப்பிக்கொண்டு வருகிற நாட்களில் வீடு வந்து சேரும்வரை பேசமாட்டாள்.

ஓட்டுக்கு முந்தின வாரம் அப்பா வீடுவீடாகப் போய்ச் சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்கினார். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அப்புறம் மாற்றிப் போட ஊரில் யாருக்கும் துணிவு வராது. "ஊரான் வீட்ல ஏத்திட்டு நம்ம வீட்ல ஏத்தலன்னா நாலு பேரு கேப்பான்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலிலும் ஒரு தட்டை வைத்தார். அண்ணன் அணைத்தான். அம்மா அணைத்தாள். இருபத்தொரு வயது ஆனால்தான் அப்போது ஓட்டு. எனக்கு ஆகவில்லை, சும்மா நின்றேன்.

கொட்டகையிலிருந்து அண்ணி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அவ கையெல்லாம் சாணிங்க. அப்பறம் பண்ணுவா, உடுங்க" என்று அவசரமாகச் சொன்னாள். அண்ணி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. தொட்டியில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா, கோச்சிக்காதீங்க. ஓட்டுக்கு நான் சத்தியம் பண்ணமாட்டேங்க."

"ஏம்மா?"

"பண்ணிட்டு மாத்திப் போட எனக்கு மனசு வராதுங்க."

வாசலில் இருந்த பங்காளிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. அந்தச் சூடம் தானாக எரிந்து தானாக அணைந்தது. சத்தியம் செய்துவிட்டு மறைவுக்குள் போய் இஷ்டப்படி குத்தியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அது அவளுக்குத் தெரியாமலா இருந்தது!

ஓட்டன்று பள்ளிக்கூடம்வரை வரப்பு வழியாக நானும் கூடப் போனேன். திரும்பும்போது, "யாருக்கு அண்ணி குத்தின?" என்று கேட்டேன். மை வைத்த விரலால் என் கன்னத்தைத் தட்டி, "அது என்னோட இருக்கட்டும் பாப்பா. உனக்குச் சொன்னா நீயும் இல்ல சொமக்கணும்?" என்றாள்.

அப்பா நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். மாலையும் மேளமுமாக வந்தவர்களுக்கெல்லாம் அண்ணிதான் புகையில் கண் எரிய எரியச் சமைத்தாள். அப்பா அவளைத் திட்டவில்லை. ஆனால் வயலுக்கு அவள் கொண்டுபோகும் மோரை வாங்காமல் விட்டார். வரப்பில் வைத்துவிட்டு வருவாள், சாயங்காலம் சொம்பு வைத்தபடியே இருக்கும். இரண்டு பேருக்கும் நடுவே அம்மா வார்த்தைகளைச் சுமந்துகொண்டு அலைந்தாள். அறுப்பு முடிந்து பொங்கல் போனதும் அண்ணன் திண்டிவனத்தில் ஒரு வீடு பார்த்தான். பெட்டியும் பாயும் வண்டியில் ஏறிய பிறகு அண்ணி கொட்டகைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்பா வயலுக்குப் போயிருந்தார்.

அதன்பிறகு எல்லா வேலையும் என் தலையில் விழுந்தது. வேலை கஷ்டமில்லை, பேசாமல் செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. களி கிண்டப் பானையைப் பிடிக்க ஆளில்லாமல் காலால் முட்டுக்கொடுத்துக்கொள்வேன். மல்லாட்டை உடைக்கும்போது பாதியில் எழுந்து போய்விடுவேன்.

காலனிக்குப் பம்பு அப்பா தலைவராக இருந்த காலத்திலேயே வந்தது. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்புறம் சில வருஷம் கழித்துச் சட்டசபைத் தேர்தலுக்கு ஆட்கள் வந்தார்கள். "தலைவரே, தெருவுல சூடம் ஏத்தி ஒரு வார்த்த வாங்கிக் குடுங்க" என்று கேட்டார்கள். அப்பா தலையை ஆட்டினார். "வாணாம்பா. அவங்கவங்க மனசுக்கு எது சரின்னு படுதோ அதுல போடட்டும். ஒரு தடவ கேட்டுட்டு நான் பட்டுக்கினு கீறது போதும்."

அடுத்த நாளே அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். இன்று நான் இருப்பது விழுப்புரத்தில். பாக்கெட் பாலை வெட்டி ஊற்றிவிட்டு, யாரும் எதுவும் கேட்காமல் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பஸ் பயணம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. வழியெல்லாம் அப்பா சொன்னதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், ஒரு வார்த்தைகூடச் சிந்திவிடக் கூடாது என்று.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. நின்றபடியே முழுவதையும் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது, அவள் பார்க்கவில்லை.

"மாமாவா சொன்னாரு?"

"ஆமா அண்ணி."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அங்கியே இருந்திருப்பனே பாப்பா" என்றாள்.

குடத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவள் வீடு குழாயை ஒட்டிய வாசல்தான். இருந்தும் இரண்டு பேரும் மெதுவாகவே நடந்தோம்.