ஐசக் பேர்ல போன ஞானமணி பீர்

ஞானமணி காய்ச்சின பீரு மூடியைத் திறந்தா ஹூஸ்டன்ல பாதி ஊருக்குத் தலை சுத்தும். மீதிப் பாதி காருக்குள்ள கண்ணாடி ஏத்திட்டு உக்காந்திருக்கும், அதனால தப்பிச்சுது.

இருபது வருஷமா கிறிஸ்மஸுக்கு வைன் போடுறது இவங்க. சர்ச்சுல எல்லாரும் சொல்றது "ஐசக் வீட்டு வைன்". புருஷன் ஐசக்குக்கோ திராட்சையில காம்பு எது, கொட்டை எதுன்னே தெரியாது. அதனால ஊர்த் திருவிழாவுல பழங்கால பீர் போட்டின்னதும் ஞானமணி முடிவு பண்ணிட்டாங்க: இந்தத் தடவை மைக்குல என் பேரு வரணும்.

அறுநூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்துல காய்ச்சின மாதிரி காய்ச்சணும். மத்தவங்க முளை கட்டின பார்லியைப் பாக்கெட்ல வாங்கினாங்க. இவங்க சத்துமாவுக்குக் கேழ்வரகு முளை கட்டுற மாதிரியே பார்லியை ஊறவெச்சு, ஐசக் வேட்டியில மூட்டை கட்டிட்டாங்க.

"மணி, அது ஈஸ்டர் வேட்டி."

"இப்பத்தாங்க அது உருப்படியா ஒரு வேலை பாக்குது."

முளை வந்ததும் டெக்ஸாஸ் வெயில்ல காயப்போட்டாங்க. அந்த வெயில்ல பார்லி என்ன, பக்கத்து வீட்டு காரே வறுபட்டிருக்கும்.

ஃபார்ம் ஃபில் பண்ணது மட்டும் ஐசக். நம்ம ஊர்ல இனிஷியல் முன்னாடி வருமே, அந்தப் பழக்கத்துல பொண்டாட்டி பேருக்கு முன்னாடி தன் பேரை வெச்சு "ஐசக் ஞானமணி"ன்னு போட்டுட்டாரு. அமெரிக்காவுல முன்னாடி இருக்கிறதுதான் ஆளோட பேரு.

ஃபர்ஸ்ட் ப்ரைஸ் அறிவிச்சாங்க: "மிஸ்டர் ஐசக்!"

மனுஷன் பேரைக் கேட்ட பழக்கத்துல எழுந்து மேடைக்கே போயிட்டாரு. நடுவரா இருந்த வெள்ளைக்கார அம்மா, "பார்லியை எப்படி முளைக்க வெச்சீங்க?"ன்னு கேட்டாங்க.

ஐசக் முழிச்சு முழிச்சுப் பாத்துட்டு, "மைக்ரோவேவ்ல"ன்னாரு.

கூட்டம் சிரிக்கிறதுக்குள்ள ஞானமணி மேடையில இருந்தாங்க. "அவரு என் இனிஷியல். பீரு நான்." அப்புறம் ஊறவெச்சதுல இருந்து வேட்டி வரைக்கும் புட்டுப் புட்டு வெச்சாங்க.

அந்தம்மா தலையில கை வெச்சுக்கிட்டாங்க. "அந்தக் காலத்துலயும் இதேதான். வீட்டுல காய்ச்சினது பொம்பளைங்க, பதிவேட்டுல பல இடத்துல புருஷன் பேரு."

"அவங்களுக்குத்தான் திருத்த முடியல. எனக்குத் திருத்துங்க. பேனா இருக்கா?"

பேனா வந்துச்சு. சர்டிஃபிகேட்ல ஐசக்கை அடிச்சுட்டு, ஒவ்வொரு எழுத்தா அவங்களே சொல்லி எழுத வெச்சாங்க. மறுபடி மைக்குல கூப்பிடச் சொல்லிட்டு, கீழ இறங்கி, திரும்ப முதல்ல இருந்து மேடை ஏறினாங்க.

"ஞா-ன-மணி!"

கைதட்டல் ஆஸ்டின் வரைக்கும் கேட்டிருக்கும். அதுல பெரிய கை ஐசக்கோடது.